அறுபத்தொன்று என்று சொன்னேன்

தம்பி தொலைபேசியில் என் எடையைக் கேட்டபோது நான் ஆசிரியர் அறையில் பதினொன்றாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் வேதியியல் டீச்சர் உட்கார்ந்திருந்தார். அறுபத்தொன்று என்று சொன்னேன். எழுபதைத் தாண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு தாண்டியிருக்கும் என்பதுதான் தெரியாது. மூன்று வருடமாக எடை பார்க்கும் இயந்திரம் எதிலும் நான் ஏறவில்லை. "சரிக்கா" என்று அவன் குறித்துக்கொண்டான். என் கணவரின் எடையையும் கேட்டான். அறுபத்தெட்டு என்றேன். அது உண்மை.

தம்பி என்னைவிட ஏழு வயது சின்னவன். பன்னிரண்டு வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுப் பெங்களூருக்கு வந்தவன். அங்கே இருந்தபோதே சின்ன விமானம் ஓட்டப் பழகியிருந்தான். இங்கே வந்தபின் மறுபடியும் பரீட்சைகள் எழுதி உரிமம் வாங்கினான். பிறகு இரண்டு நண்பர்களோடு சேர்ந்து நாலு பேர் உட்காரக்கூடிய பழைய விமானம் ஒன்றை வாங்கியிருந்தான். சனிக்கிழமை காலையில் திருச்சிக்கு வந்து எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மைசூர் போவது, ஒரு ராத்திரி தங்குவது, ஞாயிறு மதியத்துக்குள் திருச்சியில் இறக்கிவிடுவது என்பது அவன் திட்டம்.

நான் உடனே சம்மதிக்கவில்லை. அவன் பாதியில் விட்டுவிட்ட விஷயங்கள் என் நினைவில் வரிசையாக வந்தன. முதல் கல்லூரி, மிருதங்கம், ஒரு கல்யாணம். இதை வெளியே சொல்ல முடியாது. ஆகவே முடிவை என் கணவரிடம் விட்டேன். அவர் மறுத்துவிடுவார் என்று நிச்சயமாக நம்பினேன். பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் நிலம், அதோடு தம்பியின் பங்கையும் சேர்த்து அவர்தான் சாகுபடி செய்கிறார். குறுவை முற்றி, கதிர் தலைசாய்ந்து நின்றது. அறுவடை மிஷின் திங்கட்கிழமை காலைக்கு ஏற்பாடாகியிருந்தது. அந்த நேரத்தில் அவர் வயலை விட்டு ஒரு நாள்கூட நகர மாட்டார்.

ஆனால் அவர், "அவன் இதுவரைக்கும் நம்மள ஒண்ணுக்கும் கூப்பிட்டதில்ல. போயிட்டு வந்துருவோம்" என்றார்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பாதி பயம், பாதி வேண்டுமென்றே. ஐந்து நாளில் எவ்வளவு குறையப்போகிறது என்று இயற்பியல் டீச்சரான எனக்குத் தெரியாதா? இறக்கை ஏன் மேலே தூக்குகிறது என்று வருடா வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குகிறவள் நான். கீழே இழுக்கும் அம்புக்குறியின் நீளத்தை நானே குறைத்துச் சொல்லியிருந்தேன். தம்பிக்காகச் சுட்டு வைத்திருந்த முறுக்கு டப்பாவைப் பையிலிருந்து எடுத்துவிட்டேன். இரண்டு புடவை, அவருக்கு இரண்டு சட்டை, அவ்வளவுதான் வைத்தேன். எடுத்துவிட்டது இரண்டு கிலோகூட இருக்காது.

திருச்சியில் பெரிய விமானங்களுக்கு அப்பால் ஒரு மூலையில் அது நின்றது. வெள்ளை நிறம், பக்கவாட்டில் நீலக்கோடு. கதவு எங்கள் பழைய காரின் கதவைவிட மெலிதாக இருந்தது. தம்பி அதைச் சுற்றிவந்து ஒவ்வொரு இடமாகத் தொட்டு, அசைத்துப் பார்த்தான். இறக்கைக்கு அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைச் சின்னக் குழாயில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அவன் இவ்வளவு நிதானமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. அது எனக்குத் தைரியம் தந்திருக்க வேண்டும். மாறாக, இவ்வளவு பார்க்கிறவனிடம் பொய் சொல்லிவிட்டோமே என்றுதான் தோன்றியது.

கடைசியாக ஒரு தாளை இறக்கையின் மேல் விரித்து எங்கள் எடை, பைகளின் எடை, எரிபொருளின் எடை எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினான். "அக்கா அறுபத்தொண்ணு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். பக்கத்தில் விமான நிலைய ஊழியர் ஒருவர் நின்றார். என் கணவர் நின்றார். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

கணவர் முன்னால் தம்பிக்குப் பக்கத்தில். நான் பின்னால், பைகளோடு. காதில் ஹெட்ஃபோன் மாட்டிவிட்டான். அதில் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து யாரோ வேகமாகப் பேசியதில் எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. விமானம் ஓட ஆரம்பித்தது. நான் மனதுக்குள் எண்ணினேன். பத்து, பதினைந்து, இருபது. இன்னும் எழும்பவில்லை. என்னால்தான் எழும்பவில்லை என்று நினைத்தேன். பிறகு சக்கரங்களின் சத்தம் நின்றது. அங்கே ஓடுபாதை மிக நீளம், பாதிகூடத் தேவைப்படவில்லை என்று தம்பி பிறகு சொன்னான். அன்று எனக்கு அது தெரியாது.

முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிற இடம் கீழே தெரிந்தது. அதன்பின் ஆற்றை இடதும் வலதுமாகப் பார்த்தபடியே மேற்கே போனோம். இன்ஜின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் நான் தம்பியின் பிடரியைப் பார்ப்பேன். அவன் கழுத்து விறைக்கவில்லை என்றால் பயமில்லை என்று ஒரு கணக்கு. கணவர் வேறு உலகத்தில் இருந்தார். மேட்டூர் அணை வந்ததும் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டார். நீர்த்தேக்கம் மலைகளுக்கு நடுவே கிளை கிளையாகப் போவதைப் பார்த்து, "கரை வரைக்கும் கிடக்கு, சம்பாவுக்குப் பயமில்ல" என்றார். அந்தப் பயணத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே சந்தோஷமான வார்த்தை அதுதான். மைசூரில் இறங்கியபோது அதிர்வுகூடத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமையை நான் அனுபவித்தேன் என்று சொல்ல முடியாது. அரண்மனையைப் பார்த்தோம். சந்தையில் பூக்கடைகளைப் பார்த்தோம். தூண்களைப் பற்றி வழிகாட்டி சொன்னதெல்லாம் என் காதில் விழுந்து வெளியே போனது. மறுநாள் அதே கணக்கோடு மறுபடியும் ஏற வேண்டும். அதுவும் இரண்டு மலைத்தொடரைத் தாண்டி. சாயங்காலம் ஓட்டலில் காபி குடிக்கும்போது, கணவர் கை கழுவ எழுந்து போனதும் சொல்லிவிட்டேன்.

"தம்பி, நான் அறுபத்தொண்ணு இல்லடா."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்தான். "எவ்வளவு?"

"தெரியல. எழுபதுக்கு மேல."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "எனக்கு வர்ற நம்பர வச்சுத்தான்க்கா நான் எல்லாத்தையும் முடிவு பண்றேன். நீங்களே தப்பாச் சொன்னா நான் யாரை நம்பறது?" என்றான். அதன்பின் என்னோடு சரியாகப் பேசவில்லை. காலையில் என்னை ஒரு மருந்துக்கடைக்குக் கூட்டிப்போய் இயந்திரத்தில் ஏற்றினான். எழுபத்துமூன்று காட்டியது. தாளில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினான். நாங்கள் வாங்கிய சாமான்களையெல்லாம் பார்சலில் அனுப்பிவிடச் சொன்னான். எடையை ஈடுகட்ட எரிபொருளில் ஒரு சொட்டுகூடக் குறைக்க மாட்டேன் என்றான். நான் தலையாட்டினேன். என் மாணவிகளை நான் நிற்கவைக்கும் விதத்தில் அவன் என்னை நிற்கவைத்திருந்தான்.

எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஆனால் மைசூரின் மேல் மேகம் கூரை போல இறங்கிக் கிடந்தது. அது விலகாமல் பறக்க அனுமதி இல்லை. ஒன்பது ஆனது, பத்து ஆனது. இதற்கிடையில் ஊரிலிருந்து போன் வந்தது. எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரர், கிழக்கே கறுத்துக்கொண்டு வருகிறது, நாளைக்கு மிஷின் இறங்குமா என்று சந்தேகம்தான் என்றார். கணவர் போனை வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். விமான நிலையத்தில் நாங்கள் காத்திருந்த அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு. எனக்கு அது தாங்கவில்லை. தம்பியிடம் போய், போக முடியுமா என்று கேட்டேன். கால் மணி கழித்து மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை, "மாமா வயலை விட்டுட்டு உனக்காக வந்துருக்காருடா" என்று சொன்னேன். அந்த வார்த்தையை இப்போதும் திரும்ப எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

பதினொன்றரைக்கு மேகம் உயர்ந்தது. கிளம்பினோம்.

முதல் இருபது நிமிடம் ஒன்றுமில்லை. மலைகள் நெருங்கியதும் விமானம் குலுங்க ஆரம்பித்தது. எதிரே வெள்ளையாக மேகங்கள் அடுக்கடுக்காக எழுந்து நின்றன. அடிப்பக்கம் மட்டும் கறுப்பு. தம்பி வலப்பக்கம் திருப்பினான். அங்கேயும் அடைத்திருந்தது. இடப்பக்கம் திருப்பினான். இரண்டு மேகங்களுக்கு நடுவே ஒரு சந்து, அதன் கடைசியில் வெயில் விழுந்த சமவெளி. அந்தச் சமவெளிக்குப் போய்விட்டால் பிறகு திருச்சி வரை தடையே இல்லை என்று ஹெட்ஃபோனில் சொன்னான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கழுத்தைப் பார்த்தேன். விறைத்திருந்தது.

விமானம் திடீரென்று சில அடி கீழே விழுந்து நின்றது. பை என் மடியில் வந்து விழுந்தது. நான் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். போகலாம் என்று காலையில் மூன்று தடவை சொன்ன வாய்க்கு இப்போது வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அவன் அந்தச் சந்துக்குள் நுழையத்தான் போய்க்கொண்டிருந்தான். சந்து முன்பைவிடக் குறுகலாகத் தெரிந்தது. தூரத்துச் சமவெளியில் வெயில் மங்கிக்கொண்டிருந்தது.

அப்போது என் கணவர் பேசினார். "மாப்ள, திரும்பிடு."

"தாண்டிடலாம் மாமா. அஞ்சு நிமிஷம். உங்களுக்கு நாளைக்கு அறுப்பு."

"அறுப்பு கிடக்கட்டும். நெல்லு போனா அடுத்த போகம் இருக்கு. நீ திருப்பு."

தம்பி அவரை ஒரு தடவை பார்த்தான். பிறகு இறக்கை சாய்ந்தது. கீழே இருந்த காடு ஜன்னலில் நிமிர்ந்து நின்று, மெதுவாகச் சுற்றி, பின்னால் போனது. எங்களுக்கு முன்னால், வந்த வழியின் வெளிச்சம். திரும்பிப் பார்த்தேன். சந்து இருந்த இடத்தில் ஒரே சாம்பல் நிறம்.

மைசூரில் இறங்கி, முன்னால் சுழன்ற விசிறி நின்றபின்னும் தம்பி எழுந்திருக்கவில்லை. பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. கணவர் குனிந்து கழற்றிவிட்டார். வெளியே வந்து இறக்கையின் நிழலில் உட்கார்ந்தபின் தம்பி மெதுவாகச் சொன்னான். "நீங்க சொல்லலன்னா நான் உள்ள போயிருப்பேன் மாமா. திரும்பணும்னு எனக்குத் தெரிஞ்சுது. முடியாதுன்னு சொல்ல வாய் வரல."

"யாருகிட்ட சொல்ல வாய் வரல?" என்று கணவர் கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டான். எடையைவிட அதிகமான ஒன்றை நான் அந்த விமானத்தில் ஏற்றியிருந்தேன் என்பது எனக்கு அப்போது புரிந்தது. மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. எங்கள் குடும்பத்தில் அக்கா தம்பியிடம் அப்படிக் கேட்கும் பழக்கமில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவனிடம் நீட்டினேன். வாங்கிக் குடித்தான்.

தம்பி விமானத்தோடு மைசூரிலேயே தங்கினான். நாங்கள் இருவரும் மயிலாடுதுறை வண்டியில், முன்பதிவில்லாத பெட்டியில், நெருக்கியடித்து உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தோம். பாபநாசம் ஸ்டேஷனில் இறங்கும்போதே மண்வாசனை வந்தது. பிளாட்பாரம் முழுக்க ஈரம். கணவர் வீட்டுக்கு வராமல் நேராக வயலுக்குப் போனார்.

பாதிக்கு மேல் சாய்ந்திருந்தது. வாய்க்கால் ஓரத்தில் இரண்டு மா, அதாவது முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான நிலத்தில் கதிர் தண்ணீரிலேயே கிடந்தது. டயர் வண்டி சேற்றில் இறங்காது என்று மிஷின்காரர் திரும்பிப் போய்விட்டார். சேற்றில் ஓடும் பெல்ட் வண்டிக்குச் சொல்லி, அது வந்து சேர வியாழக்கிழமை ஆகிவிட்டது. அதற்குள் சில இடங்களில் நெல் முளை கட்டிவிட்டது. நாங்கள் ஊரிலேயே இருந்திருந்தாலும் மழை நிற்கப்போவதில்லை என்று கணவர் சொன்னார். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாரா, தன்னையா என்று தெரியவில்லை. தண்ணீரை ஒரு ராத்திரி முன்னாலேயே வடிய விட்டிருக்கலாம் என்று சாப்பிடும்போது ஒரு தடவை முணுமுணுத்தார். அதன்பின் அந்தப் பேச்சே இல்லை.

தம்பி செவ்வாய்க்கிழமை நல்ல வானத்தில் பெங்களூர் போய்ச் சேர்ந்தான். சேர்ந்துவிட்டேன் என்று அவன் செய்தி அனுப்பும் வரை நான் மூன்று பாடவேளையும் நின்றபடியே நடத்தினேன். இன்னும் சில மாதம் தன் ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மட்டுமே வெளியூர் ஓட்டப்போவதாகப் போனில் சொன்னான். இதையும் விட்டுவிடுவானோ என்று நான் கேட்க நினைத்ததை அவனே ஊகித்து, "விடலக்கா, ஒழுங்காக் கத்துக்கறேன்" என்றான்.

அடுத்த சனிக்கிழமை முன்னறிவிப்பில்லாமல் பஸ்ஸில் வந்து இறங்கினான். கணவரோடு வயலுக்குப் போய், அறுத்து முடித்திருந்த வயலின் சேற்றில் நின்று, எங்கெங்கே சாய்ந்தது என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தானாம். தன் பங்குக்கு வரவேண்டிய நெல் இந்தப் போகம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. இருவரும் அதைப் பற்றி விவாதித்தபடியே வீட்டுக்கு வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் தம்பி கூடத்தில் பாயை விரித்துப் படுத்தான். சாயங்காலம் வரை அசையவே இல்லை. பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்துக்குக்கூட எழுந்திருக்கவில்லை. நான் கதவைச் சாத்திவிட்டு, விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு சமையலறையில் போய் உட்கார்ந்தேன்.