ஓஸெல்லா வீட்டில் ஹோபர்ட்டின் நாலு செங்கல்

ஓஸெல்லா புரூயிட் எங்கள் ஊர் மளிகைக் கடையில் இருபத்திரண்டு வருடமாகக் கல்லாவில் நிற்கிறவள். அமெரிக்காவில் எங்கள் தெற்கு ஜார்ஜியாவில் பால், சோள மாவு, எதை வாங்கினாலும் உள்ளூர் விற்பனை வரி உண்டு. அந்தப் பணத்தைக் கொண்டு சொந்த வீடு உள்ளவர்களின் சொத்து வரியைக் குறைக்கிறார்கள். எவ்வளவு குறைந்தது என்பதையும் வருடாந்தர வரிச் சீட்டில் தனியாக அச்சிட்டு அனுப்புவார்கள். கணவர் போன பிறகு, அந்தச் சலுகையால்தான் செங்கல் வீடு ஓஸெல்லாவிடம் தங்கியது.

சாலைக்கு எதிர்ப்புறம், அஸ்திவாரமில்லாத தகர வீடான ஒரு வாடகை டிரெய்லரில் ஹோபர்ட் சிம்ஸ் இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் கல்லாவுக்கு வருவார். வரியும் சேர்ந்ததும் கைக்காசு போதாமல், பீச் பழ டப்பா ஒன்றைத் திருப்பி வைப்பார்.

"இந்த வரி யாருக்குத்தான் போகுது, மிஸ் ஓஸெல்லா?"

ஓஸெல்லா மழுப்பவில்லை. "என்னை மாதிரி வீடு வச்சிருக்கறவங்களுக்குத்தான், மிஸ்டர் ஹோபர்ட்."

"அட! அப்போ உங்க வீட்ல நாலு செங்கல் என்னோடது. புயல் வந்தா அங்க வந்து உக்காந்துக்குவேன், பாத்துக்குங்க."

"தாராளமா வாங்க. அந்தச் சேத்து பூட்ஸை மட்டும் வெளிய விட்டுட்டு வாங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சொந்த வீட்டுக்காரன், கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை மதியம் சூறாவளிச் சங்கு ஊதியது. ஓஸெல்லா பழக்கத்தில் கதவைத் தாழிட்டாள். சன்னலில்லாத நடைக்குள் போய் மெத்தையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். கதவு மூன்று முறை அதிர்ந்தது. காற்று என்று நினைத்தாள். நினைத்தாளா, அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினாளா என்பது பின்னால் அவளுக்கே தெளிவாகவில்லை.

டிரெய்லர் கவிழ்ந்து கிடந்தது. ஹோபர்ட் அதற்குள் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே, சாலையோரப் பள்ளத்தில் அவர் உடல் கிடைத்தது. அவள் வீட்டுக்குப் போகும் வழியிலா, அங்கிருந்து திரும்பும் வழியிலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அடக்கம் வரை மூன்று நாளும், இலைகூட அசையாத வேளையிலும், ஓஸெல்லா எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். எதிரே டிரெய்லர் நின்ற இடத்தில் வெறும் தரை.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் சாப்பாடு. ஹோபர்ட்டின் தங்கை எர்லீன் தட்டோடு எங்கள் மேசைக்கு வந்தாள்.

"கடைசியா எங்கிட்ட போன்ல பேசினான். 'மிஸ் ஓஸெல்லா வீட்டுக்குப் போறேன், வரச் சொல்லியிருக்காங்க'ன்னான். வந்தானா?"

"கதவு அதிர்ந்துச்சு," என்றாள் ஓஸெல்லா. "நான் திறக்கல."

இதற்காக அவளைப் பாராட்ட எனக்குத் தோன்றவில்லை. இதைச் சொல்லாமல் அவளால் அந்த வீட்டுக்குள் மறுபடி நுழைந்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

எர்லீன் சோள ரொட்டியைப் பிட்டாள். வாயில் வைக்கவில்லை.

"காத்தாத்தான் இருக்கும்," என்றாள், ஓஸெல்லாவின் முகத்தைப் பார்க்காமல்.