பரமேசுவை ஏற்றிய பெட்டி

அறுபதுகளின் தொடக்கத்தில் கிளிநொச்சிப் பக்கம் தர்மபுரத்தில் உழவு மெசின், அதுதான் டிராக்டர், ஓட்டினேன். அறுவடைக் காலம். ஒரு காலை களத்தில் நெல் மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர்ச் செல்லத்துரை ஓடி வந்தான்.

"அண்ணை, மெசினை எடுங்கோ. பரமேசுக்கு நேற்று நோ தொடங்கினது. இன்னும் பிள்ளை பிறக்கேல்லை. கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகட்டாம். மிட்வைஃப் அம்மா சொல்லிப்போட்டா."

அவனுக்கும் மனைவி பரமேசுவுக்கும் அது முதல் பிள்ளை. அந்தப் பக்கம் கார் கிடையாது.

பின்னால் கொழுவும் பெட்டி வெறுமையாக இருந்தால் கிரவல் ரோட்டில் துள்ளும். பாரம் இருந்தால் அமர்ந்து ஓடும். பத்து மூட்டையை அடியில் அடுக்கினேன். மேலே வைக்கல் பரப்பினேன்.

செல்லத்துரை என் சட்டையைப் பிடித்தான். "என்ர மனிசி சாகக் கிடக்கிறா. நீங்கள் மில்லுக்கு நெல்லு ஏத்துறியளோ?"

"ஏறு," என்றேன். எஞ்சினைக் கிளப்பினேன்.

வீட்டில் பரமேசுவைப் பாயோடு தூக்கி வந்தார்கள். மூட்டைகளைப் பார்த்தாள்.

"என்னை இறக்கிப்போட்டு மில்லுக்குப் போவாரோ, மில்லுக்குப் போய் வந்து என்னை இறக்குவாரோ?"

மிட்வைஃப் அம்மா சிரித்தா. "வாய் காட்டப் பெலன் கிடக்கு. பிள்ளை பெறவும் பெலன் வரும். ஏறு."

இரண்டாம் கியரில் போனேன். ரோட்டில் கிடங்கு பள்ளம் கண்ட இடமெல்லாம் இன்னும் மெதுவாக. பின்னால் அவள் கத்தியது எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கேட்டது. பாதிக் கத்தல் புருசனுக்கு. "இனி என்ர பாய்ப் பக்கம் வந்து பாருங்கோ, தெரியும்!"

பரந்தன் சந்திக்குக் கிட்ட, நெல் மில் தெரியும் இடத்தில், கத்தல் நின்றது.

திரும்பிப் பார்க்கப் பயம். கேட்கவும் பயம். மில்லைத் தாண்டிச் சந்தியில் திருப்பினேன். திரும்பவும் கத்தினாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மத்தியானத்துக்கு முன் ஆசுப்பத்திரி. கொஞ்ச நேரத்தில் செல்லத்துரை வெளியே வந்தான். கண் சிவந்திருந்தது. "பொம்பிளைப் பிள்ளை, அண்ணை. ரெண்டு பேரும் சுகம்."

ஐந்தாம் நாள் கூட்டி வரப் போனேன். அன்றும் மூட்டையோடுதான். பரமேசு பிள்ளையை அணைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தபடி நின்றாள். ஏறவில்லை.

"தங்கச்சி, இது மில்லுக்கு இல்லை. பாரம் இருந்தால் பெட்டி துள்ளாது," என்றேன்.

"அண்டைக்கும் அதுக்குத்தானோ?"

"ஓம்."

"நான் மில்லடியிலை நோவையும் மறந்து கிடந்தனான். மெசின் சத்தம் குறையுதோ, நிப்பாட்டப் போறாரோ எண்டு காது குடுத்துக்கொண்டு. அண்டைக்கே இதைச் சொல்லியிருந்தால் வாய் தேஞ்சு போயிருக்குமோ, அண்ணை?"

குலுக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகும் பல பேரை ஏற்றினேன். பாம்பு கடித்தவர், காய்ச்சல்காரர், பிள்ளை பெறப் போனவர்கள். முதலில் வாயைத் திறப்பேன். பிறகுதான் கியர் போடுவேன்.