கட்டுப் பிரிக்காத நாட்கள்

அந்த எண்ணம் எனக்கு வந்தது எங்கள் தீவுத் துறைமுகமான சாத்தம் ஜெட்டியில், தம்பி கையிலிருந்த டிரான்சிஸ்டர் பேசத் தொடங்கிய நொடியில். பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் சேர்ந்து முதல் லீவுக்கு வந்திருந்தான். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு அந்த ரேடியோ. மெட்ராசில் வாங்கினானாம். கப்பல் ஏணியில் இறங்கும்போதே திருகிவிட்டான். இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் அன்றைய செய்தியைச் சொன்னது. அவனுக்குப் பின்னாலேயே, துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை பார்க்கும் அப்பா, எங்கள் செய்தித்தாள் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் இருந்ததெல்லாம் போன மாதத்து நாட்கள்.

தம்பி கையில் இன்று. அப்பா தோளில் போன மாதம். இரண்டும் ஒரே ஏணியில் இறங்கி வருவதைப் பார்த்தபோதே தம்பியிடம் ஓடினேன்.

"டேய், இது ஒவ்வொருத்தன் சட்டைப் பையிலயும் வந்துரும்டா. அப்புறம் நம்ம ஊரு தீவே இல்ல."

"ஆரம்பிச்சுட்டாருய்யா அண்ணன்! மொதல்ல ஏணிய விட்டு எறங்க விடு."

எங்கள் ஊர்ப் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மெயின்லேண்டிலிருந்து கப்பல் வரும்போதுதான் செய்தித்தாள் வரும். வந்தால் மொத்தமாக வரும். ஃபீனிக்ஸ் பே என்ற இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே யாரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் எல்லோரும் மதித்த ஒரு சட்டம் இருந்தது: ஒரு நாளைக்கு ஒரு தாள், பழையதிலிருந்து வரிசையாக. தாவிப் போய்ப் படிக்கக் கூடாது. கட்டு எங்கள் வீட்டில் அப்பாவின் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். காலையில் ஒன்றை உருவிக் கடைக்குக் கொண்டுபோவார். புதிதாக வந்த ஆபீசர்கள் சிரிப்பார்கள். கடைக்காரர் மட்டும் அசர மாட்டார். "அங்க உள்ளவன் ஒரு நாளைக்கு ஒரு நாளத்தான் திங்கிறான். நாம மட்டும் ஏன் ஒரு மாசத்த ஒரே வாயில முழுங்கணும்?"

இதில்தான் எனக்கு வாய் முளைத்தது. மெட்ராசில் விஞ்ஞானம் படித்துவிட்டு இங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக வந்திருந்தேன். நாளைய தாள் ஏற்கெனவே அச்சாகிக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அதில் என்ன இருக்கும் என்று இன்றே சொல்வேன். தப்பினால் எல்லோருக்கும் டீ என் கணக்கு. நாளையைச் சொல்லிப் பழகியபின் பத்து வருஷம் தள்ளிச் சொல்வது பெரிய காரியமா? ரேடியோவுக்குள் படம் தெரியும் என்றேன். வீட்டுக்கு வீடு டெலிபோன் என்றேன். மீன் கெடாத ஐஸ் பெட்டி சமையலறையிலேயே இருக்கும் என்றேன்.

எல்லோரும் தாதா என்று கூப்பிடும் வங்காளித் தச்சர் ஒருவர் அங்கே நிரந்தர வாடிக்கை. எங்களோடு பழகி அவருக்கு ஒருமாதிரித் தமிழ் வரும். "டீக் ஹை மாஸ்டர்ஜி. படம் வரும். மீன் வாசனை வருமா?"

"வாத்தியாரே," என்றார் கடைக்காரர், "கடையில லைட்டு எரிஞ்சு மூணு நாளாச்சு. ஐஸ் பெட்டில என்னத்த வைப்பீங்க, வேட்டியவா?"

நான் விடவில்லை. வல்லரசுகளுக்குத் தாவினேன். அமெரிக்காவும் ரஷ்யாவும் உறுமுமே தவிரக் கடிக்காது. இந்தியாவும் சீனாவும் அடித்துக்கொள்ளவே மாட்டா. புல்கூட முளைக்காத பனிமலைக்கு எவன் சண்டை போடுவான்?

பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்தான். "அண்ணே, அந்தப் புல்லு மொளைக்காத எடத்துக்குத்தான் எங்களுக்குக் கம்பளி குடுத்துக்கிட்டு இருக்காங்க."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

லீவு முடிந்து போகும்போது டிரான்சிஸ்டரை என்னிடமே கொடுத்துவிட்டான். "எனக்கு அங்க கவர்மெண்டு செட்டு முதுகுலயே இருக்கு. பேட்டரி செல்லு எறங்கிட்டா வெயில்ல காய வை, இன்னும் கொஞ்சம் இழுக்கும்." அம்மாவிடம் சொன்னான்: "அண்ணன் சொல்றதுக்கு எதிராத்தான் எப்பவும் நடக்கும். அவன, தம்பி திரும்பி வரமாட்டான்னு சொல்லச் சொல்லும்மா, டக்குனு வந்துருவேன்." அம்மா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

மழை ஓயும் காலத்தில் ரேடியோ சொன்னது, வடக்கு மலையில் சண்டை என்று. கடையில் நாங்கள் படித்துக்கொண்டிருந்த தாளில் அப்போது சண்டை இல்லை. எல்லைப் பேச்சு என்று ஒரு மூலையில் நாலு வரி, அவ்வளவுதான். அதே நாட்களில் கியூபாவுக்காக அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்து நின்றன. உலகமே அழியும் என்றார்கள். ரஷ்யக் கப்பல்கள் திரும்பிவிட்டன என்று ரேடியோவில் கேட்டேன். நான் சொன்னது பலித்துவிட்டது. கடையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கும் நினைவுபடுத்தத் தோன்றவில்லை.

பிறகு செல் இறங்கிவிட்டது. அதுவும் கப்பலில்தான் வரவேண்டும். கடல் சரியில்லை, கப்பல் வரவில்லை. செல்லைத் தகரக் கூரையில் காய வைப்பேன். சாயங்காலம் போட்டால் கொசு மாதிரி ஒரு குரல் வந்து செத்துப்போகும். நான் அதைக் காதோடு வைத்துக்கொண்டதும் அம்மா எழுந்து கொல்லைக்குப் போய்விடுவாள். "அது வெறும் சத்தம்டா. சேதின்னா பேப்பர்ல வரணும்."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டுவேன்.

கப்பலுக்கு முன்னால் தந்தி வந்துவிட்டது. தம்பியைக் காணவில்லை என்று இருந்தது. இறந்தான் என்று இல்லை. எங்கே, எப்படி என்று இல்லை. ஒரு தேதி மட்டும் இருந்தது. அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். 

அம்மா கேட்டாள், "பேப்பர்ல என்ன போட்டிருக்கு?"

"அந்தப் பேப்பரு இன்னும் வரலயே."

"அப்ப வரட்டும்."

கப்பல் வந்தது. செல் வரவில்லை, சண்டைக் காலத்தில் மெயின்லேண்டிலேயே தட்டுப்பாடாம். செய்தித்தாள் கட்டு வந்தது, இதுவரை வந்ததிலேயே பெரிசாக. அப்பா கயிற்றை அறுத்ததும் என் கை தானாக அடித்தாளுக்குப் போயிற்று. அம்மா மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மேலேருந்து எடு."

"அடியில எதாவது விவரம் இருக்கும்மா. பேரு போட்டிருப்பாங்க."

"இருக்கட்டும். இன்னிக்கு நாள எடு."

முதல் தாளில் சண்டை தொடங்கியிருக்கவில்லை. படித்து முடித்தேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கு இருக்கான்" என்றாள். எழுந்து உலை வைத்தாள்.

அப்படித்தான் ஒவ்வொரு காலையும் போயிற்று. சண்டை மூண்ட நாளைப் படித்தேன். இருக்கான். ஒரு கணவாய் விழுந்ததைப் படித்தேன். எந்தப் பிரிவு என்று போடவில்லை. இருக்கான். பதினைந்து வருஷம் படித்த படிப்பில் எனக்கு ஒருநாளும் இவ்வளவு நிதானமாகப் படிக்கச் சொல்லித் தரவில்லை. தீப்பெட்டி விளம்பரம், சோப்பு விளம்பரம், ரேடியோ விளம்பரம் எல்லாம் படிக்கச் சொன்னாள். கட்டு மெலிந்துகொண்டே வந்தது. தந்தியில் குறித்திருந்த தேதிக்கு முந்தின தாள் வந்தது. அதையும் படித்தேன். இருக்கான்.

மறுநாள் காலை அடுத்ததை எடுத்தேன். அம்மா வேண்டாமென்று தலையாட்டினாள்.

"நேத்துப் பேப்பரையே படி."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் நேற்றைய தாளைப் படித்தேன். மறுநாளும் அதையேதான்.

கடைக்கு இப்போது தாள் போவதில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒருநாள் தாதா வீட்டு வாசலில் வந்து நின்றார். எதற்கு வந்தோம் என்று அவருக்கே தெரியாத மாதிரி கதவின் கீலை ஆட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "மா-வுக்குச் சொல்லு மாஸ்டர்ஜி. கடையில எல்லாரும் வெயிட் பண்றோம். கோயி ஜல்தி நஹி, அவசரமே இல்ல. நாங்களும் அந்தத் தேதியிலதான் நிக்கிறோம்."

உள்ளே அம்மாவுக்குக் கேட்டிருக்கும். அவள் வெளியே வரவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்தக் கொசுக் குரலிலேயே ரேடியோ எப்போதோ சண்டை நின்றுவிட்டது என்று சொல்லியிருந்தது. எங்கள் டீக்கடையில் இன்னும் நிற்கவில்லை. அடுத்த கப்பலும் வந்தது. புதிய கட்டு பழையதன் மேல் ஏறிக்கொண்டது, கயிறு அறுக்காமல்.

அந்தக் கப்பலில் வந்த ஒரு மாலுமிதான் கடையில் சொன்னானாம்: பிடிபட்டவர்களின் பெயர்களைச் சீன ரேடியோவில் வாசிக்கிறார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. உண்மையா என்று அவனுக்கும் தெரியாது. நான் அதை வீட்டில் சொல்லவில்லை. யார் சொன்னார்களோ, நேற்று பள்ளி விட்டு வந்தபோது கூரைமேல் கருவாட்டுக்குப் பக்கத்தில் பழைய செல்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுச் சூடு பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கப்பல்ல புதுச் செல்லு வந்திருக்கும்மா. கடையில இருக்கு."

"வாங்கு. இதுவும் இருக்கட்டும்." சற்றுப் பொறுத்துக் கேட்டாள்: "அவுங்க நம்ம பேரச் சரியாச் சொல்லுவாங்களா?"

"சீனாக்காரன் இங்கிலீசுல சொல்லுவான், இல்ல இந்தியில. கொஞ்சம் மாறித்தான் வரும்."

"எப்படிச் சொன்னாலும் எனக்குத் தெரியும்."

தாதாவிடம் செப்புக் கம்பி இருக்கிறது. நாளை பள்ளி விட்டதும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில், பலா மரத்திலிருந்து தென்னை உச்சிவரை அதை ரேடியோவுக்கு ஏரியலாக இழுத்துக் கட்டப் போகிறோம். தாழ இருந்தால் அவ்வளவு தூரத்துக் குரல் வராது. "கேக்குமா மாஸ்டர்ஜி, என்ன சொல்றீங்க?" என்று தாதா கேட்டார். நான் கம்பியை முழம்போட்டு அளந்தேன். இருட்டியதும் ரேடியோ முள்ளை ஒரு கோடியிலிருந்து மெதுவாகத் திருகிக்கொண்டு வரவேண்டும். அம்மா பக்கத்தில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள். நாளைக்குக் கேட்காவிட்டால் கம்பியை இன்னும் உயரத்துக்கு ஏற்றிக் கட்டுவோம்.