பிரசிடெண்ட் ஆண்பால்

எங்கள் மலையில் பிரசிடெண்ட் என்ற சொல் ஆண்பால். ஓட்டு வாங்கி ஜெயித்தவள் மங்கம்மாள். ஆனால் "பிரசிடெண்ட் வந்துட்டாரு" என்று யாராவது சொன்னால், அவள் புருஷன் அருணகிரி பைக்கில் வந்து இறங்குகிறார் என்று அர்த்தம். தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் மனைவியை நிறுத்தினார். மாலையை அவர் போட்டுக்கொண்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மங்கம்மாளுக்கு வராது. சாமைக் கொல்லையில் களையெடுக்கிறவளைக் கூப்பிட்டால், கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவர் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவாள்.

அந்த ஆடியில் கீழேயிருந்து வெற்றிச்செல்வன் என்பவர் காரில் வந்தார். எங்கள் ஊற்றுக்கு மேலே இடம் பிடித்து, சுற்றுலாக்காரர்களுக்கு விடுதி கட்டி, போர் போடப் போகிறாராம். கோடையில் வற்றாத ஊற்று அது ஒன்றுதான். மேலே துளை போட்டால் கீழே தண்ணீர் நிற்காது என்பது குடம் தூக்குகிற மங்கம்மாளுக்குத் தெரியும். அருணகிரியோ, கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கொடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஆகஸ்டு பதினைந்து காலை, கூட்டத்துக்குக் கிளம்பும்போது, பக்கத்து வீட்டுக்காரி நான் வாசலில் நிற்கும்போதே, அவளிடம் சொன்னார்: "இன்னிக்கி நீ வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா வூட்டுக்கு வராத."

வழியெல்லாம் அவள் என் கையை விடவில்லை. அப்பன் ஆத்தா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீடு இல்லையென்றால் அவளுக்குப் போக்கிடமில்லை. நானும் பயந்துதான் போயிருந்தேன்.

பள்ளிக்கூட வாசலில் கூட்டம். தலைவர் நாற்காலியில் வழக்கம்போல அருணகிரி. பெண்களோடு சுவரோரம் மங்கம்மாள். ஊராட்சிச் செயலர் ராஜாக்கண்ணு தீர்மானத்தை வாசித்து முடித்ததும் வெற்றிச்செல்வன் எழுந்தார்.

"பிரசிடெண்ட் அப்பவே ஒத்துக்கிட்டாருங்க. கையத் தூக்கிட்டா வேல முடிஞ்சிது."

முன்வரிசையில் கைகள் எழும்பத் தொடங்கின.

"பிரசிடெண்ட் இன்னும் வாயே தொறக்கலீங்களே."

மங்கம்மாளின் குரல்தான். என் கையை விட்டுவிட்டு நாற்காலிக்குப் போனாள். "எந்திரிங்க. இது என் நாற்காலி" என்றாள் புருஷனிடம்.

அருணகிரி அசையவில்லை. ராஜாக்கண்ணு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சட்டப்படி அவங்கதாங்க தலைமை" என்று முனகினார். அருணகிரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவள் அதை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள்.

"யம்மா, கலெக்டர் கிட்ட போனா ஒங்க பதவியே பூடும், தெரியுமில்ல?" என்றார் வெற்றிச்செல்வன்.

"போனா போவட்டுங்க. நான் மட்டும் வேணும்னாலும் செல்லாது, வேணாம்னாலும் செல்லாது. கூட்டத்தக் கூட்டி, இன்னா சொல்றீங்கன்னு கேக்கத்தான் என்னால முடியும். ஊத்து ஊரோடது." கூட்டத்தைப் பார்த்தாள். "தீர்மானம் வேணாங்கறவங்க கை தூக்குங்க."

முதல் கை என்னுடையது. சுவரோரம் முழுக்கத் தூக்கினோம். அப்புறம் ஆண்கள் அவரவர் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள். தீர்மானம் தோற்றது. அருணகிரி பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் அவளோடு நடந்தோம். வீடு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவள் அதிகாரமெல்லாம் பள்ளிக்கூட வாசலோடு சரி. இந்தக் கதவைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றுமில்லை. தட்டினாள்.

"யாரு?"

"நாந்தான்."

"நாந்தான்னா யாரு?"

மங்கம்மாள் திரும்பி எங்களைப் பார்த்தாள். கெஞ்சிவிடுவாளோ என்று நினைத்தேன்.

"பிரசிடெண்ட்" என்றாள்.

அவள் நகரவில்லை, நாங்களும் நகரவில்லை. கடைசியில் தாழ்ப்பாள் விலகியது. அருணகிரி யார் முகத்தையும் பார்க்காமல் வழிவிட்டு நின்றார்.

"வாங்க" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் 'வா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். இது கேலியா மரியாதையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மங்கம்மாள் அதைக் கேட்டுக்கொண்டே உள்ளே போனாள்.