இரண்டாயிரம் வாட், பத்தாது

என் மேசை இழுப்பறையில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் தோல் துண்டு கிடக்கிறது. ஷூவுக்கு வெட்டியதில் மிஞ்சிய துண்டு. தோலில் குறி போடுகிற வெள்ளி மைப் பேனாவால் அதில் ஆறு வரிக் கணக்கு எழுதியிருக்கிறது. நூறு வாட் என்று தொடங்கி, கேபிளில் தொலைவது இவ்வளவு, ஆண்டெனா பெருக்கிக் கொடுப்பது இவ்வளவு என்று வரிவரியாக இறங்கி, ‘2000 வாட். பத்தாது’ என்று முடிகிறது. பத்தாது என்பதன் கீழே இரண்டு கோடு. அதற்கும் கீழே, பின்னால் ஒரு நாள் எழுதிச் சேர்த்த இன்னொரு வரி உண்டு. பேனா தேடி இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்த வரிதான் முதலில் கண்ணில் படுகிறது. பேனா எதற்கு என்பது மறந்துபோய் மூடிவிடுகிறேன்.

எழுதியது என் சகலை. சகலை என்கிற உறவை யார் கண்டுபிடித்தார்களோ, பொறாமை போய் இறங்க ஒரு விலாசம் வேண்டும் என்றுதான் கண்டுபிடித்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேர். ஒருவன் எது செய்தாலும் இன்னொருவன் அதைச் செய்யாததாக ஆகிவிடும். வேலூரில் மாமியாருடைய மிக்ஸி நின்றுபோனால் நான் நல்ல மெக்கானிக் ஒருவரைத் தெரியும் என்பேன். அதற்குள் சகலை அதைக் கழற்றி, துடைத்து, ஓடவிட்டிருப்பான். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். அவன் மேல்விஷாரத்தில் ஒரு தோல் மண்டியில் அளவு மிஷினில் இருந்தான். பதப்படுத்திய தோல் எத்தனை சதுர அடி என்று அளந்து முத்திரை குத்துகிற வேலை. வீடு கலவைப் பக்கம், ஒரு பெரிய ஏரியின் மேற்குக் கரையில். என்னைவிட இரண்டு வயது சின்னவன். என்னை ‘அண்ணா’ என்பான். அந்த மரியாதையும் எனக்கு ஒரு எரிச்சல்தான். திட்டினால் திருப்பித் திட்டுகிறவனிடம்தான் சண்டை போட முடியும்.

ஒரு விஷயத்திலாவது முதல் ஆளாக இருக்க வேண்டும் என்றுதான் நான் அமெச்சூர் ரேடியோவுக்குள் நுழைந்தேன். வீட்டிலிருந்தே வானொலியில் ஊர் உலகத்தோடு பேசுகிற பொழுதுபோக்கு. அதற்கு அரசாங்கப் பரீட்சை எழுதி உரிமம் வாங்க வேண்டும். நான் மூன்றாவது தடவையில் தேறினேன். அதைப் பார்த்து ஆசைப்பட்ட சகலை முதல் தடவையிலேயே தேறினான். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ‘உடம்பு சரியில்லையா?’ என்றாள் மனைவி. பித்தம் என்றேன்.

ஆகவே அவன் தொடாத ஒரு உச்சியைத் தேடினேன். சந்திரன் கிடைத்தது. ரேடியோ அலையைச் சந்திரன் மேல் வீசினால் அது பட்டுத் திரும்பி, உலகத்தின் இன்னொரு மூலையில் சந்திரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்குப் போய்ச் சேரும். போய்த் திரும்ப இரண்டரை வினாடி. ஆனால் போன வழியிலேயே அநேகமாக எல்லாம் கரைந்துபோய், கடலில் போட்ட உப்புக்கல் மாதிரிதான் மிச்சம் திரும்பும். அதனால் எவ்வளவு பலமாக வீசுகிறோம் என்பதுதான் கேள்வி. ஆண்டெனா புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. நாலு பக்கமும் சிதறுவதை ஒரே பக்கம் திருப்பிவிடுகிறது. எத்தனை மடங்கு என்பதை டெசிபெல் கணக்கில் சொல்வார்கள். மூன்று கூடினால் சக்தி இரண்டு மடங்கு, ஆறு கூடினால் நாலு மடங்கு.

நான் ஆம்பூர் மொட்டைமாடியில் நாலு ஆண்டெனாக்களை ஒரே சட்டத்தில் கட்டினேன். ஒரு தீபாவளிக்கு மாமனார் வீட்டுக் கூடத்தில் கணக்கையும் அறிவித்தேன். ரேடியோவிலிருந்து புறப்படுவது இருநூறு வாட், சந்திரனை நோக்கிப் போவது நாற்பதாயிரம் வாட்டுக்குச் சமம். மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற மாமனார் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“நாப்பது கிலோவாட்டா? மீட்டர் தாங்குமா மாப்ளே?”

சிரிக்காமல் விளக்கினேன். அவர் நம்பவில்லை, ஆனால் மரியாதையாகப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பார்வை எனக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. நாலு நிமிடம் நீடித்தது. சகலை முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு என் காகிதத்தை வாங்கிப் படித்தான்.

“அண்ணா, இது டாகிள்ல இருக்கிற அளவுணா. கிளிப்ப எடுத்தா இன்னா வரும்?”

தோல் வேலைக்காரர்களுக்கு இது புரியும். ஈரத் தோலைத் துளைபோட்ட இரும்புத் தகட்டில் கிளிப் மாட்டி நாலு பக்கமும் இழுத்துக் காயவைப்பார்கள். அதற்குப் பேர் டாகிள். அந்த இழுப்பிலேயே அளந்தால் ஜாஸ்தி காட்டும். கிளிப்பை எடுத்து நாலு நாள் போனால் தோல் தன் பழைய அளவுக்குச் சுருங்கும். வாங்குகிறவன் தன் ஊரில் திரும்ப அளப்பான். அப்போது மானம் போகும். சகலை எப்போதும் வாங்குகிறவனுடைய அளவைத்தான் அளப்பான். அவன் குத்திய முத்திரையில் ஒரு தடவைகூடக் குறைவு வந்ததில்லை என்று அவன் முதலாளியே சொல்வாராம்.

என் கணக்கிலும் கிளிப்பை எடுத்தான். ஆண்டெனாவின் பெருக்கத்தை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் இரண்டு வழக்கம் உண்டு. விற்றவன் பெரிதாகத் தெரிகிற வழக்கத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தான். அது தெரியாமல் நான் அதன் மேல் இன்னும் இரண்டு டெசிபெல் கூட்டியிருந்தேன். கேபிளில் பாதிக்கு மேல் சக்தி சூடாகிப் போவதைக் கழிக்கவே இல்லை. நாற்பதாயிரம் பதினோராயிரம் ஆனது. மாமனார், ‘பதினொண்ணுன்னா பரவால்ல, தாங்கும்’ என்று நிம்மதியாகத் திரும்பச் சாய்ந்தார். சகலை என்னை அவமானப்படுத்த நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதுதான் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நான் சந்திரனோடு மல்லுக்கட்டினேன். என் வீட்டுக்குக் கிழக்கே மலை. சந்திரன் அதைத் தாண்டி வருவதற்குள் நன்றாக மேலே ஏறிவிடும். ஆண்டெனாவை அந்த உயரத்துக்குத் தூக்குகிற மோட்டார் பாதியில் சிக்கிக்கொள்ளும். சுற்றிலும் கம்பெனி மோட்டார்களின் இரைச்சல். ரிசீவரில் சந்திரனைத் தவிர ஆம்பூரில் ஓடுகிற எல்லாம் கேட்டது. ஏரிக்கரையில் ஒரே ஒரு ஆண்டெனாவோடு இருந்த சகலை இதை முயற்சி செய்யவே இல்லை. அளக்காமல் வெட்டுகிறவன் இல்லை அவன்.

ஒரு நாள் கம்பெனி வாசலுக்கு வந்து இந்தக் கறுப்புத் தோல் துண்டைக் கொடுத்தான். எனக்குத் தெரியாமல் அவனும் சந்திரனைக் கணக்குப் போட்டிருக்கிறான்.

“ஒரு தடவ பார்த்துச் சொல்லுணா. எனக்கு ரெண்டாயிரந்தான் வருது. நெசமாவே பத்தலன்னா ஆண்டெனாவ வேலூர்ல ஒரு காலேஜுக்குக் குடுத்துர்றேன். பசங்களாச்சும் கத்துக்கட்டும். திங்கக்கிழம வண்டி அனுப்புறேன்றாங்க.”

பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. ஒரு வரி குறைந்தது. சந்திரன் உதிக்கிற நேரத்தில், எதிரே சமமான தண்ணீர்ப் பரப்பு இருந்தால், நேராகப் போகிற அலையும் தண்ணீரில் பட்டுப் போகிற அலையும் ஒன்றுசேரும். ஆறு டெசிபெல் வரைக்கும் சும்மா கிடைக்கும், அதாவது நாலு மடங்கு. இரண்டாயிரம் எட்டாயிரம் ஆகும். எனக்கு இது அத்துப்படி, ஏனென்றால் மலைக்குப் பதிலாக ஒரு ஏரி இருக்கக்கூடாதா என்று எத்தனையோ நாள் அதைப் படித்துப் படித்துப் பெருமூச்சு விட்டிருக்கிறேன். அவனுடைய மொட்டைமாடிக்கு முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் ஏரி. அந்த வருஷம் மழை வேறு நன்றாகப் பெய்து அது தளும்பிக்கொண்டிருந்தது.

“சரியாத்தான் இருக்கு சகல,” என்று துண்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவன், ‘சரிணா, ஞாயித்துக்கிழம வந்து எறக்க ஒரு கை குடு’ என்று வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான். அந்த வாரம் முழுவதும் நான் நல்லவனாக நடித்தேன். ஸ்டோர்ஸில் யாரையும் திட்டவில்லை. மனைவிக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுத்தேன். அவள் பயந்துபோய், ‘ஆபீஸ்ல இன்னா பண்ணீங்க?’ என்றாள். போனில் அவன் பேர் வந்தால் கடைசி மணி வரை அடிக்கவிட்டுத்தான் எடுப்பேன். எடுத்தால், ஸ்பேனர் எத்தனாம் நம்பர் கொண்டுவர வேண்டும் என்று கேட்பான். மனசுக்குள் என் தரப்பை வாதாடிப் பார்த்தேன். அவன் கணக்கு சரியா என்றுதான் கேட்டான், ஏரியைப் பற்றிக் கேட்கவில்லையே. நானே நீதிபதியாக இருந்தும் அந்தக் கேஸில் நான் ஜெயிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனர்களும் ஆம்பூர் பிரியாணிப் பொட்டலமுமாகப் போய் இறங்கினேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். மொட்டைமாடியில் அந்த ஒற்றை ஆண்டெனா ஏரியைப் பார்த்துப் படுத்துக் கிடந்தது. மேலே தூக்குகிற ஏற்பாடெல்லாம் அதற்கு இல்லை. நான் முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டினேன். சகலை அக்கரையைப் பார்த்தான். பகல் வெளிச்சத்தில் சந்திரன், பால் தீர்ந்த டம்ளரின் அடிவட்டம் போல, தண்ணீருக்கு மேல் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது.

“கடைசியா ஒரு தடவ கேட்டுட்டுக் கழட்டலாம்ணா,” என்று கம்ப்யூட்டரைப் போட்டான். இந்த விளையாட்டில் காதுக்கு வேலை இல்லை. இரைச்சலுக்கு அடியில் கிடப்பதைக் கம்ப்யூட்டர் பொறுக்கி எழுத்தாகக் காட்டும். ஒரு நிமிடம் அனுப்ப வேண்டும், ஒரு நிமிடம் கேட்க வேண்டும். முதல் நிமிடம் ஒன்றுமில்லை. அடுத்த நிமிட முடிவில் திரையில் ஒரு வரி விழுந்தது. ஜப்பானிலிருந்து ஒருவர், சந்திரன் வழியாக, யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிடுகிறார். என் நாலு ஆண்டெனாக்கள் இரண்டு வருஷம் கண்விழித்தும் பார்க்காத வரி.

வேறு யாராக இருந்தாலும் பாய்ந்து பதில் போட்டிருப்பார்கள். சகலை தோல் துண்டையும் வெள்ளிப் பேனாவையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“இவ்ளோ பலமா வரக்கூடாதே. கணக்கு எங்கயோ தப்பு. அது தெரியாம எப்டிணா கூப்பிடறது?”

கேபிள் வரியைப் பார்த்தான். ஆண்டெனா வரியைப் பார்த்தான். சந்திரன் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் தருகிற தானம் முதல் அரைமணிக்குத்தான். சந்திரன் கொஞ்சம் உயர்ந்தால் போய்விடும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஏதோ தற்செயல் என்று அவன் எழுந்துவிடுவான், நாளைக்கு வண்டி வரும், குடும்பத்தில் சந்திரனைத் தொடுகிற முதல் ஆள் நான் என்கிற வாய்ப்பு உயிரோடு இருக்கும். ஜப்பான்காரர் இரண்டாம் தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவை கூப்பிட்டார். சகலை தலையை நிமிர்த்தாமல் வகுத்துக்கொண்டிருந்தான். தன் முத்திரையில் குறை கண்டுபிடித்த மாதிரி அவன் முகம் வாடியிருந்தது. அந்த முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

“ஏரி, சகல.”

“இன்னாணா?”

“ஏரித் தண்ணில பட்டுப் போறதும் சேருது. நாலு மடங்கு வரைக்கும். எனக்குப் போன வாரமே தெரியும்.”

அவன் என்னைப் பார்த்தான். ஒரு அலை சந்திரனுக்குப் போய்த் திரும்புகிற நேரம்தான் இருக்கும். அவ்வளவு நீளமான நேரத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை. பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய் ஜப்பான்காரருக்குப் பதில் போட்டான். ஏழெட்டு நிமிடத்தில், ஒருவர் பேரை ஒருவர் வாங்கி, கேட்டேன் கேட்டேன் என்று ஒப்புக்கொண்டு, எல்லாம் முடிந்தது. நூறு வாட், ஒற்றை ஆண்டெனா, ஒரு ஏரி. என் கையில் ஸ்பேனர் அப்படியே இருந்தது.

“பிரியாணி ஆறிடும்ணா, வா,” என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை. சாப்பிடும்போது ரைத்தாவில் உப்பு கம்மி என்று மட்டும் சொன்னான்.

அடுத்த பொங்கலுக்கு மாமனார் வீட்டில் எல்லார் முன்னாலும் இந்தத் தோல் துண்டை எடுத்து என் கையில் கொடுத்தான். “அண்ணா சொல்லலன்னா அன்னிக்கே கழட்டிருப்பேன் மாமா,” என்றான். அது பொய்யில்லை, அதுதான் கொடுமை. மாமனார் எழுந்து வந்து என் முதுகில் தட்டினார். அத்தனை வருஷம் காத்திருந்த தட்டு. குனிந்து பார்த்தேன். கணக்கின் கடைசியில் புது வரி: ‘+6, ஏரி. அண்ணா சொன்னது.’ எப்போது சொன்னது என்று எழுதவில்லை.

நானும் பிற்பாடு நல்ல கேபிள் போட்டு, மோட்டாரைச் சரிசெய்து, சந்திரன் வழியாகப் பேசிவிட்டேன். மாமனாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ‘சின்ன மாப்ள பண்ணாரே, அதுவா?’ என்றார். சகலை இப்போது ஆப்பிரிக்காவில் ஒரு தோல் தொழிற்சாலையில் இருக்கிறான். அங்கே அவனுக்கு ரேடியோ உரிமம் இல்லை. அவன் ஆண்டெனா காலேஜுக்குப் போகவில்லை. ஏரிக்கரை மொட்டைமாடியில் அப்படியே இருக்கிறது. மாதம் ஒரு தடவை போய் நட்டு போல்ட் பார்த்துவிட்டு வருகிறேன். அவன் இல்லாத அந்த மாடியில் நின்றாலும் பொறாமை போகவில்லை. முன்பு அவன் ஏரி மேல் பொறாமை; இப்போது அந்த ஒரு வரியை எழுத முடிந்த கை மேல்.

போன வாரம் போன் செய்தான். ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டான். பிறகு, “அந்தத் தோல் துண்டு இன்னும் வெச்சிருக்கியாணா?” என்றான்.

இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். வெள்ளி எழுத்து மங்கவில்லை. ஓரங்கள் மட்டும் லேசாக உள்ளே மடங்கியிருந்தன.

“இருக்கு சகல. கொஞ்சம் சுருங்கிடுச்சு.”



“அது நல்ல தோல்ணா,” என்றான். “அதுக்கு மேல சுருங்காது.”