மூவாயிரம் சுற்றில் ஒரு சத்தம்

என் கணவருக்குப் பெரம்பலூரில் கார் பட்டறை. நான் அரியலூரில் ஒரு ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிக்கிறவள். அவர் சட்டையில் எவ்வளவு துவைத்தாலும் போகாத கறையைத் தவிர இன்ஜினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

போன மழைக்குப் பிறகு ஒரு பழைய பெட்ரோல் கார் பட்டறைக்கு வந்தது. தண்ணீர் புகுந்து, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி கருகியிருந்தது. அந்த மாடலுக்கு இப்போது பெட்டி கிடைப்பதில்லை. அவர் கோயம்புத்தூரிலிருந்து வேறொன்றை வரவழைத்துப் பொருத்தினார். ஆனால் அது எழுதாத சிலேட்டு மாதிரி. இன்ஜின் எந்த வேகத்தில், எவ்வளவு பாரத்தில் ஓடும்போது ஸ்பார்க் எப்போது விழவேண்டும் என்று லேப்டாப்பில் கட்டம் கட்டமாக நாமே எண் போடவேண்டும். ஸ்பார்க் கொஞ்சம் முன்னால் விழுந்தால் இழுவை கூடும். ரொம்ப முன்னால் விழுந்தால் சிலிண்டருக்குள் பெட்ரோல் தானாக வெடித்து பிஸ்டனை அடிக்கும். அதைத்தான் 'நாக்' என்கிறார்கள். விடாமல் அடித்தால் பிஸ்டன் உடைந்துவிடும்.

ஓட்டிக்கொண்டே லேப்டாப்பைப் பார்க்க முடியாதே. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார். அன்று மாலை வண்டியைக் கொடுக்கவேண்டும். மறுநாள் விடியற்காலையில் வண்டிக்குச் சொந்தக்காரர் தன் மகளைச் சென்னையில் கல்லூரியில் விடப் போகிறார்.

வேலை எளிது என்றார். அவர் பெடலை அழுத்தும்போது நான் ஒரு பட்டனைத் தட்டினால் எல்லாம் பதிவாகும். காலை எடுத்ததும் மறுபடி தட்டவேண்டும். நாக் அடித்தால் இன்ஜினில் இருக்கும் சென்சார் அதைப் பிடிக்கும், திரையில் சிவப்புக் கோடு எகிறும். இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடும்போது எகிறியது, அப்போது ஸ்பார்க் எத்தனை டிகிரி முன்னால் விழுந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நான் ஆய்வகத்தில் எழுதுவதுபோல ஒரு நோட்டில் மூன்று கோடு போட்டுக்கொண்டேன்.

அரியலூர் சாலையில் சிமெண்ட் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இடைவெளி கிடைக்கும் இடத்தில் அவர் நான்காவது கியரிலேயே வைத்து பெடலை முழுக்க அழுத்துவார். வண்டி முனகிக்கொண்டு வேகம் பிடிக்கும். முதல் இரண்டு முறை கோடு அசையவில்லை. மூன்றாம் முறை, மூவாயிரம் சுற்றைத் தொட்டதும் கோடு உச்சிக்குப் போனது. அதே நேரத்தில் காய்ந்த எண்ணெயில் கடுகு பொரிவதுபோல முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

சொன்னேன். அவர் இல்லை என்று தலையசைத்தார். இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாய் மேலே இருக்கும் தகடு ஆடுகிறது, அதைச் சென்சார் தவறாக எடுத்துக்கொள்கிறது, தனக்கு எதுவும் கேட்கவில்லை என்றார். இருபத்தாறு வருடமாக இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிறவர். நான் நோட்டில் குறித்தேன்.

நான்காம் முறையும் அதே இடத்தில், அதே சத்தம். இழுவை பற்றவில்லை என்று வண்டியை ஓரம் கட்டி, லேப்டாப்பை வாங்கி, அந்தக் கட்டத்தில் இன்னும் ஒரு டிகிரி கூட்டினார். ஐந்தாம் முறை சத்தம் பெரிதாகவே கேட்டது. எதிரே ஒரு பஸ், லாரியைத் தாண்டிக்கொண்டு எங்கள் பக்கமாக வந்தது. அவர் இடதுபக்கம் மண்ணில் இறக்கினார். கால் மட்டும் பெடலை விட்டு எழவில்லை. பஸ்ஸுக்குப் பயந்ததைவிட அந்தச் சத்தத்துக்குத்தான் அதிகம் பயந்தேன்.

"காலை எடுங்க," என்றேன்.

எடுத்தார். முகம் சிவந்திருந்தது. "எனக்குக் கேக்காத நாக் உனக்குக் கேக்குதா?"

ஆய்வகத்தில் ஒரு முடிவில் சந்தேகம் வந்தால் நாங்கள் விவாதம் செய்வதில்லை, மறுபடி பரிசோதிப்போம். அதைத்தான் சொன்னேன். "தகடு ஆடுற சத்தம்னா ஸ்பார்க்கை மாத்தினாலும் போகாதுல்ல? நாலு டிகிரி குறைச்சுட்டு ஒரு தடவை ஓட்டுங்க. சத்தம் இருந்துச்சுன்னா நான் வாயே தெறக்கல."

வண்டியை நிறுத்தி லேப்டாப்பை வாங்கினார். நாலு டிகிரி குறைத்தார். வண்டியைத் திருப்பி, அதே இடத்துக்கு வந்து, அதே கியரில் அழுத்தினார். மூவாயிரம் வந்தது, தாண்டியது. சிவப்புக் கோடு படுத்தே கிடந்தது. கடுகுச் சத்தம் இல்லை.

"போயிருச்சுங்க," என்றேன்.

அவர் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி இன்ஜினை அணைத்தார். லாரிகள் போகும்போதெல்லாம் கார் ஆடியது. அவருக்கு இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் கேட்டிருக்கிறது. அது எனக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது.

"சில்வண்டு கத்துறதைக் கேட்டு வருசமாச்சு," என்றார் கடைசியில். "நம்ம பக்கம் இப்ப இல்லபோலன்னு நெனச்சுக்கிட்டேன்."

தினமும் சாயங்காலம் பின்பக்கத் தோட்டத்தில் அவை கத்திக்கொண்டுதான் இருக்கின்றன.

அன்று மதியம் வரை ஓட்டினோம். அவர் பெடலை அழுத்தினார். நான் படித்துச் சொன்னேன். கோடு எகிறிய கட்டங்களில் இரண்டிரண்டு டிகிரியாக நானே குறைத்தேன். எந்தக் கட்டம் என்று மட்டும் அவர் விரல் வைத்துக் காட்டினார். மாலையில் வண்டி போனது. மறுநாள் வண்டிக்காரர் சென்னை சேர்ந்துவிட்டதாக போன் செய்யும் வரை இவர் சாப்பிடவில்லை.

பிறகு திருச்சியில் போய்ப் பார்த்த காது டாக்டர், மெல்லிய கூர்மையான சத்தங்கள் அவருக்கு இரண்டு காதிலும் போய்விட்டதாகச் சொன்னார். வருடக்கணக்காகக் கிரைண்டர் சத்தத்தில் நின்றதன் விளைவு. காதுக் கருவி வாங்கினோம், பட்டறையில் போட மாட்டேன் என்கிறார். அதற்காகச் சண்டைகூடப் போட்டிருக்கிறோம்.

ஆனால் அவரை அரித்தது வேறு. முந்தின வருடம் அவர் காதால் கேட்டே ஸ்பார்க் டைமிங் வைத்துக் கொடுத்த குரும்பலூர்க்காரர் ஒருவரின் கார் பிஸ்டன் உடைந்து திரும்பி வந்தது. பெட்ரோல்தான் கலப்படம் என்று இவர் அடித்துச் சொல்லி அனுப்பிவிட்டார். இப்போது அந்தக் குரும்பலூர்க்காரர் வீட்டுக்குப் போகவேண்டும், நீயும் வா என்றார்.

போனோம். தன் காதைப் பற்றியும், தப்பு தன்மேலாக இருக்கலாம் என்பதையும் நின்றுகொண்டே சொன்னார். அந்த மனிதர் கோபப்படவில்லை. காரை விற்றாகிவிட்டது என்றார். அப்புறம், "நீங்க சொன்னதை நம்பி நான் பங்க்ல போயி சண்டை போட்டுட்டேன். பெட்ரோல் அடிக்கிற பொண்ணு அழுதுருச்சு. அங்க போயி சொல்லிருங்க," என்றார்.

திரும்பும் வழியில் அந்தப் பங்கில் நிறுத்தினோம். அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கே போனாள் என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. பிறகு வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தோம்.