இடது பக்கத்து என்ஜின்

இது நடந்தது. நம்பாதவர்கள் கடலூர் முதுநகரில் என் கடைக்கு வரலாம். ஆணியில் ஒரு செம்புக் கம்பி தொங்குகிறது, தொட்டே பார்க்கலாம். என் பெயர் சிலம்பரசன். படகு என்ஜின் மெக்கானிக். யாராவது பேய் பிசாசு என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். போன தை மாதம் வரைக்கும்.

அக்கா வீட்டுக்காரர் கதிர்வேலுக்குப் பரங்கிப்பேட்டை பக்கம் அன்னங்கோயிலில் மீன்பிடித் தொழில். ஞானசேகரன் என்கிற தரகரிடம் என்ஜின் இல்லாத பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கியிருந்தார். பெரிதாக ஒரு என்ஜின் மாட்டுவதா, சின்னதாக இரண்டு மாட்டுவதா? பத்து நாளாக வீட்டில் இதே பேச்சு. இரண்டு என்றால் எடை ஜாஸ்தி, பெட்ரோல் ஜாஸ்தி. ஒன்று என்றால் அது நின்ற இடத்தில் நாமும் நிற்க வேண்டியதுதான். மாமாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பாதி நாள் தனியாகத்தான் கடலுக்குப் போகிறார்.

அமராவதி அக்கா என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். "ஒண்ணோ ரெண்டோ, எனக்குத் தெரியாது தம்பி. அவுரு திரும்பி வர்ற மாதிரி மாட்டிக் குடு."

நான் இரண்டு என்றேன். அதற்கு என்னிடம் ஒரு முறை இருந்தது. இரண்டு என்ஜின், ஒரே பெட்ரோல் கேன். கேனிலிருந்து வரும் டியூபை ஒரு பித்தளை ஜாயின்ட் வைத்து இரண்டாகப் பிரித்துவிடுவேன். இடம் மிச்சம், எடை மிச்சம். ஜாயின்ட் கழலாமல் இருக்கச் செம்புக் கம்பியை மூன்று சுற்று சுற்றி, முனையை உள்ளே மடக்குவேன். கை கிழிக்காது. கடலூரில் வேறு யாரும் அப்படி மடக்குவதில்லை. பதினைந்து வருடத்தில் ஒருவரும் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

காலையில் ஒரு என்ஜினோடு ஓட்டிப் பார்ப்பது, மத்தியானம் இரண்டோடு ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு. படகின் பின்பலகையில் முன்பு இரண்டு என்ஜின் இருந்த தழும்பு தெரிந்தது. நான் வலது பக்கத்தில் மாட்டினேன். மாமா சூடம் ஏற்றி, எலுமிச்சம்பழம் நசுக்கினார். மணி 4:52. கிளம்பினோம்.

5:10க்கு முகத்துவாரம் தாண்டியபோது பனி இறங்கிவிட்டது. கரை விளக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை.

எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. வலது ஓரத்தில் மட்டும் என்ஜின் இருந்தால் படகு இடது பக்கம் இழுக்கும். இழுத்தே ஆக வேண்டும். கைப்பிடியை விட்டுப் பார்த்தேன். படகு நேராகப் போனது.

"அம்சமா போவுதே மச்சான்," என்றார் மாமா.

டார்ச்சைப் பின்னால் அடித்தேன். தண்ணீரில் நுரை இரண்டு கோடாக வந்துகொண்டிருந்தது. வலது பக்கம் ஒன்று. இடது பக்கம், வெறும் பலகைக்குப் பின்னால்... இன்னொன்று.

அலை வெட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உட்கார முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

5:31. என்ஜின் இரண்டு முறை இருமி நின்றது.

ஸ்டார்ட்டிங் கயிற்றை இழுத்தேன். சர்ர்ர்... பிடிக்கவில்லை. ஒன்பது முறை இழுத்தேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. கையை எடுத்துவிட்டு மூச்சு வாங்கினேன்.

சர்ர்ர்...

"கொஞ்சம் நிறுத்தேன்டா மச்சான்."

"நான் இழுக்கல மாமா."

சர்ர்ர்...

இடது பக்கம். கைக்கெட்டும் தூரம். யாரோ கயிற்றை இழுக்கிறார். நிறுத்துகிறார். மூச்சு வாங்குகிறார். மறுபடி இழுக்கிறார். டார்ச் அடித்தேன். பலகை காலியாக இருந்தது.

எண்ணினேன். இருபது... முப்பது...

மாமா கண்ணை மூடி முருகா, முருகா என்றார்.

நாற்பத்தொன்றில் நின்றது.

பிறகு வேறொரு சத்தம். சளக்... சளக்... பெட்ரோல் இருக்கிறதா என்று கேனை ஆட்டிப் பார்க்கிற சத்தம்.

எங்கள் கேன் என் காலடியில் அசையாமல் இருந்தது.

அதைத் திறந்தேன். கொஞ்சம் பாட்டிலில் ஊற்றினேன். பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர்.

முந்தைய நாள் நானே வடிகட்டி நிரப்பி, நானே மூடிய கேன்.

தண்ணீரை நாக்கில் வைத்தேன்.

உப்பு.

மாமா பயந்த சுபாவம். யாரிடமும் சொல்லாமல் இன்னொரு கேன் கொண்டு வந்திருந்தார். அதை மாட்டினேன். ஒரே இழுப்பில் பிடித்தது. 5:58. திரும்பும் வழி முழுக்கப் படகு இடது பக்கம் இழுத்தது. எந்தப் படகும் இழுக்கிற மாதிரி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

6:41க்குக் கரை. உடனே ஞானசேகரனுக்குப் போன் போட்டேன்.

"மாமாவுக்கு வித்தீங்களே, அந்தப் போட்டு முன்ன யாருது?"

"அந்தோணிசாமின்னு ஒருத்தரு. மூணு வருஷம் ஆவுது. இதே தை மாசம், இதே பனி. ரெண்டு என்ஜினும் ஒண்ணா நின்னுப் போச்சு. தனி ஆளு. நாலாம் நாளு போட்ட இழுத்துக்கினு வந்தாங்க. கயிறப் புடிச்சபடியே செத்திருந்தாரு. உள்ளங்கையில தோலே இல்ல."

"ரெண்டும் எப்புடி ஒண்ணா நிக்கும்?"

"கேன் ஒண்ணுதான சார். அதுல தண்ணி பூந்துடுச்சு. முதுநகர்ல எவனோ ஒரு மெக்கானிக்கு அப்புடி மாட்டிக் குடுத்திருக்கான்."

அதற்குள் மாமா படகின் அடிப்பலகையைத் தூக்கி எதையோ எடுத்து வந்தார். வெயிலில் விறைத்த பழைய டியூப். நடுவில் பித்தளை ஜாயின்ட். அதன்மேல் செம்புக் கம்பி. மூன்று சுற்று. முனை உள்ளே மடங்கியிருந்தது.

மாமா படகில் இப்போது இரண்டு என்ஜின் ஓடுகிறது. கேனும் இரண்டு, டியூபும் இரண்டு. அக்காவிடம் காரணம் சொல்லவில்லை. அந்த முறையில் நான் மாட்டிக் கொடுத்த மற்ற படகுகளைத் துறை துறையாகத் தேடி ஜாயின்ட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். பதினேழு கிடைத்துவிட்டன. இன்னும் எத்தனை என்று எனக்கே தெரியாது. தூக்கம் வருவதில்லை.

அந்தோணிசாமி என் கடைக்கு வந்த நாளை எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

அவருக்கு என்னை நினைவிருக்கிறது.